டவுனிங் தெரு 10: ஒரு கதவுக்குப் பின்னால் இரண்டு வீடுகள்

பிரிட்டனில் பிரதமர் மாறும்போதெல்லாம் டிவியில் ஒரே காட்சிதான். கறுப்புக் கதவு, அதில் வெள்ளையில் 10 என்ற எண், இரண்டு பக்கமும் இரும்புக் கிராதி, பின்னால் கறுப்புச் செங்கல் சுவர். தெருவில் நின்று பார்க்கிறவருக்கு அது லண்டனில் ஆயிரக்கணக்கில் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்றாகத்தான் தெரியும். வசதியான ஒரு வக்கீலோ டாக்டரோ குடும்பத்தோடு இருக்கிற அளவு. கதவைத் தாண்டி உள்ளே போனால் சுமார் 100 அறைகள். அமைச்சரவை கூடும் அறை, 60 பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய விருந்து மண்டபம், இரண்டு மாடி உயரத்துக்குச் சமையலறை, பின்னால் அரை ஏக்கர் தோட்டம்.

இவ்வளவும் அந்த அடக்கமான முகப்புக்குப் பின்னால் எப்படி அடங்கின? அது ஒரு வீடே அல்ல என்பதுதான் பதில். லாபத்துக்காக மலிவாகக் கட்டிய ஒரு தெரு வீட்டையும், அதன் முதுகுப் பக்கம் இருந்த ஒரு பிரபுக்களின் மாளிகையையும் 1730-களில் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 300 ஆண்டுகளாக யாராவது அதை இடித்தும் தாங்கியும் மாற்றியும் கொண்டே இருக்கிறார்கள். இந்த மாற்றங்களில் சில, வசதிக்காகவும் கௌரவத்துக்காகவும் நடந்தவை. பெரிய மாற்றங்கள் பலவற்றுக்குக் காரணம் வேறு. வீடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்த காசைப் பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் வட்டியோடு கட்டியிருக்கிறது.

மிச்சம் பிடித்தவர் சர் ஜார்ஜ் டவுனிங். தெருவுக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். டப்ளினில் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வளர்ந்தவர். ஹார்வர்டில் 1642-ல் பட்டம் வாங்கிய முதல் வகுப்பைச் சேர்ந்தவர். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னருக்கு எதிரான பக்கம் நின்று, அந்தப் பக்கத்தின் தலைவரான கிராம்வெல்லுக்கு உளவு வேலை பார்த்து, ஹாலந்தில் தூதராக இருந்தார். 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் தயங்காமல் பக்கம் மாறினார். மாறியதோடு நிற்கவில்லை. பழைய மன்னர் முதலாம் சார்லஸின் மரண தண்டனையில் கையெழுத்திட்ட மூவரை 1662-ல் ஹாலந்தில் பிடித்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார். மூவரில் ஒருவர் ஜான் ஓக்கி. டவுனிங் இளைஞராக இருந்தபோது தன் படைப்பிரிவில் பாதிரியார் வேலை கொடுத்தவர் அவர். மூவரும் கொல்லப்பட்டார்கள். டவுனிங்குக்குப் பட்டமும் சொத்தும் சேர்ந்தன.

சொத்தில் முக்கியமானது ஒயிட்ஹால் அரண்மனையை ஒட்டிய ஒரு துண்டு நிலம். அரண்மனைக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தின் மதிப்பு அன்றும் இன்றும் ஒன்றுதான். அதன்மேல் ஹாம்ப்டன் குடும்பத்தாருக்கு நீண்ட குத்தகை இருந்ததால் டவுனிங் காத்திருந்தார். குத்தகை 1682-ல் முடிந்ததும் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு, மறுமுனையில் வழியில்லாத ஒரு சந்தும் அதன் ஓரமாக வரிசை வீடுகளும் கட்ட ஆரம்பித்தார். இரண்டே ஆண்டில் வேலை முடிந்தது. வரைபடம் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னுடையது என்று பிரதமர் அலுவலகத்தின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. வரைந்தவர் யாராக இருந்தாலும், கட்டிய விதத்தில் காண்ட்ராக்டர் புத்திதான் தெரிகிறது.

அந்த நிலத்தின் இயல்பைச் சொன்னால்தான் இது புரியும். வெஸ்ட்மின்ஸ்டர் பகுதி ஒரு காலத்தில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சதுப்பு. டைபர்ன் என்ற சிற்றாறு கிளை பிரிந்து தேம்ஸில் கலக்கிற இடத்தில், தார்னி என்ற மேட்டுத் தீவைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. மேலே மண், கீழே ஈரம். அந்த மாதிரி இடத்தில் கனமான செங்கல் சுவர் எழுப்ப வேண்டுமானால் ஆழமாகத் தோண்டி, கெட்டியான மண் கிடைக்கும்வரை இறங்க வேண்டும். டவுனிங் இறங்கவில்லை. பெரிய மரக்கட்டைகளைப் போட்டு, ஆழம் போதாத அஸ்திவாரத்தின் மேல் சுவரை ஏற்றிவிட்டார். மரம் தண்ணீரில் முழுக்க மூழ்கியே இருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டால் மக்கிவிடும்.

முகப்பிலும் இதே கதைதான். நல்ல கொத்தனாரை வைத்து, ஒரே அளவுச் செங்கலைத் தேய்த்துப் பொருத்தி, மெல்லிய நேர்கோட்டில் சாந்து வைத்துக் கட்டினால் முகப்பு அழகாக வரும். செலவும் அதிகம். டவுனிங்கின் வீடுகளில் செங்கல் ஏறுமாறாக இருந்தது. அது வெளியே தெரியாமல் இருக்கச் சுவரின்மேல் நேர்நேராகக் கோடு வரைந்து, ஒழுங்கான செங்கல் வரிசை போலக் காட்டிவிட்டார்கள். பின்னாளில் அங்கே குடியிருந்த வின்ஸ்டன் சர்ச்சில், லாபம் பார்த்த காண்ட்ராக்டர் லேசாகக் கட்டிவிட்டுப்போன ஆட்டம் காணும் வீடுகள் என்று எழுதினார். டவுனிங் 1684-ல் இறந்துபோனார். அந்தத் தெருவில் அவர் குடியிருந்ததே இல்லை.

பின்வீட்டின் கதை வேறு மாதிரி. எட்டாம் ஹென்றி ஒயிட்ஹாலைத் தன் அரண்மனையாக்கியபோது, அந்தப் பக்கம் சேவல் சண்டைக்கும் டென்னிஸுக்கும் தனித்தனிக் கட்டடங்கள் எழுப்பினார். காலப்போக்கில் அவை அரசவையைச் சேர்ந்தவர்களின் குடியிருப்புகளாக மாறின. மன்னராட்சியைத் திரும்பக் கொண்டுவந்த தளபதி ஜார்ஜ் மங்க் அங்கே இருந்தார். அவருக்குப் பின் பக்கிங்ஹாம் பிரபு வந்து பெரிதாக மாற்றிக் கட்டினார். அப்புறம் இரண்டாம் சார்லஸின் மகள் சார்லட்டும் அவள் கணவர் லிச்ஃபீல்ட் பிரபுவும் குடிவந்தார்கள். டவுனிங்கின் புது வீடுகள் எழும்பியபோது, பின் ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டுக்குள் பார்வை விழுகிறது என்று சார்லட் அப்பாவிடம் முறையிட்டாள். உன் சம்மதம் இல்லாமல் யாரும் உன் வீட்டைப் பார்ப்பது சரியல்ல, சுவரை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் எழுப்பிக்கொள் என்று மன்னர் பதில் எழுதினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த உறவு அப்படி. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

1698-ல் ஒயிட்ஹால் அரண்மனை தீயில் அழிந்தது. பின்வீடு தப்பியது. ஹனோவர் நாட்டுத் தூதர் போத்மர் கடைசியாக அதில் இருந்து, வீடு பாழாகிக் கிடக்கிறது என்று குறைசொல்லிக்கொண்டே 1732-ல் இறந்தார். வீடு மன்னர் கைக்குத் திரும்பியது. இரண்டாம் ஜார்ஜ் அதை ராபர்ட் வால்போலுக்குப் பரிசாகக் கொடுக்க முன்வந்தார். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று இன்று சொல்லப்படுகிறவர் வால்போல். அவர் செய்தது அந்தக் காலத்து அரசியலில் அபூர்வமான காரியம். எனக்கு வேண்டாம், என் பதவிக்குக் கொடுங்கள் என்றார். கருவூலத்தின் முதல் பிரபு என்ற பதவியில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு வீடு என்று முடிவானது. கதவில் இருக்கிற பித்தளைத் தபால் பெட்டி வாயில் இன்றைக்கும் அந்தப் பதவிப் பெயர்தான் பொறித்திருக்கிறது. பிரதமர் என்ற சொல் அதில் இல்லை. முன்பக்கத்துத் தெரு வீட்டில் சிக்கன் என்பவர் வாடகைக்கு இருந்தார். அவரை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, அந்த வீட்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்துக் கட்டும் பொறுப்பு வில்லியம் கென்ட்டிடம் வந்தது. ஓவியர், தோட்டக் கலைஞர், கட்டடக் கலைஞர் எல்லாமாக இருந்தவர். அவர் 1732 முதல் 1735 வரை செய்த வேலையைத்தான் இந்த வீட்டின் உண்மையான பிறப்பு என்று நான் சொல்வேன். இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்த வெட்டவெளியில் இரண்டு அடுக்குள்ள ஓர் இணைப்புக் கட்டடம் போட்டார். மிச்ச இடம் உள்முற்றமானது. பெரிய அறைகள் எல்லாவற்றையும் பின்வீட்டில் வைத்தார். காரணம் எளிது. அந்தப் பக்கம்தான் தோட்டம், குதிரைப் படை அணிவகுப்புத் திடல், அதற்கு அப்பால் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. வெளிச்சமும் காற்றும் அங்கேதான். முன்வீடு வாசலாகவும் காத்திருக்கும் இடமாகவும் சுருங்கியது.

இன்றைக்கும் உள்ளே போகிற யாரும் கென்ட் போட்ட வழியில்தான் நடக்கிறார்கள். வாசல் கூடம் டவுனிங்கின் வீடு. அங்கிருந்து நேராக ஒரு நீண்ட தாழ்வாரம். அதில் நடக்கும்போதே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குள் போய்விடுகிறோம். தாழ்வாரம் முடிகிற இடத்தில் அமைச்சரவை அறைக்கு முன்னறை, அதைத் தாண்டி அமைச்சரவை அறை. அது வால்போலின் படிப்பறையாகத் திட்டமிட்ட இடம். பின்பக்கம் நிலம் தாழ்வாக இருப்பதால், தெருவிலிருந்து வருகிறவர்களுக்குத் தரைத்தளமாக இருக்கிற அமைச்சரவை அறை தோட்டத்திலிருந்து பார்த்தால் முதல் மாடியில் இருக்கும். அதற்கு அடியில் தோட்ட மட்டத்தில் இருக்கும் அறைகளில் நெடுங்காலமாகச் செயலக எழுத்தர்கள் வேலை பார்த்து வருகிறார்கள்.

கென்ட்டின் மாடிப்படியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோட்டத் தளத்திலிருந்து மேலே ஏறுகிற கல் படிக்கட்டு அது. கீழே தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. ஒவ்வொரு படியின் ஒரு முனை சுவருக்குள் செருகியிருக்கிறது, மறுமுனை அந்தரத்தில். ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே இருக்கிற படியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பதால் படி திரும்பிக் கவிழாது. மொத்த எடையும் படிப்படியாகக் கீழே இறங்கித் தரைக்குப் போய்விடும். கைப்பிடி மஹோகனி மரம், அதைத் தாங்குவது சுருள்சுருளான இரும்பு வேலைப்பாடு. முந்தைய பிரதமர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும் சுவர் இதன் பக்கத்தில்தான். இந்த மாதிரிப் படிக்கட்டுக்கு ஒரே எதிரி, சுவர் அசைவது. சுவர் ஓர் அங்குலம் இறங்கினால் எல்லாப் படியும் அதை உணரும். இந்த வீட்டில் சுவர் இறங்கியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சமையலறையும் கென்ட் காலத்துத் திட்டம்தான். வளைவான கூரை, இரண்டு மாடி உயரம், பெரிய வளைவு ஜன்னல். நடுவில் 14 அடி நீளமும் 5 அங்குலக் கனமும் உள்ள ஒரே மேசை. புகையும் சூடும் மேலே போக உயரம் வேண்டும் என்பதால் அப்படிக் கட்டினார்கள்.

வால்போல் 1735 செப்டம்பர் 22-ல் குடிவந்து, 1742-ல் பதவி போனபோது காலி செய்தார். அதற்குப் பின் வந்த பலர் அங்கே குடியிருக்கவே விரும்பவில்லை. அவர்கள் பெரிய பிரபுக்கள். லண்டனில் சொந்தமாக இதைவிடப் பெரிய வீடு வைத்திருந்தார்கள். அரசாங்கம் கொடுத்த வீடு அவர்கள் கண்ணுக்கு ஓர் இறக்கமாகத் தெரிந்தது. சில சமயம் அவர்கள் நிதியமைச்சரை அங்கே இருக்க விட்டார்கள். இப்படிக் குடிவந்த நிதியமைச்சர் சார்ல்ஸ் டவுன்ஷெண்ட் 1766-ல் பார்த்தபோது வீடு ஆபத்தான நிலையில் இருந்தது. தெருப் பக்கச் சுவரே நிற்காது என்ற நிலை. கென்ட்டன் கௌஸ் என்ற கட்டடக் கலைஞர் முன்னால் புது முகப்பு எழுப்பினார். வேலை இழுத்தடித்து, நார்த் பிரபு பிரதமராக இருந்த 1770-களில்தான் முடிந்தது.

உலகம் அறிந்த அந்த வாசல் இந்தச் சமயத்தில் வந்ததுதான். ஆறு பலகைக் கதவு, அதற்கு மேல் விசிறி மாதிரி விரிகிற அரைவட்டக் கண்ணாடி, சிங்க முகத் தட்டு வளையம், உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட சலவைக்கல் தரை. எல்லாம் கௌஸ் காலத்தவை. ஆக, டவுனிங் வீடு என்று நாம் படம் பிடிக்கிற முகம் டவுனிங்குடையது அல்ல. அவருக்குத் தொண்ணூறு ஆண்டு கழித்து வந்த இன்னொருவருடையது.

இங்கிலாந்தின் பழைய ஊர்களில் இது சாதாரணமாக நடந்த விஷயம். யார்க்கிலோ நாரிச்சிலோ கடைத்தெருவில் 18-ம் நூற்றாண்டுச் செங்கல் முகப்போடு நிற்கிற வீட்டுக்குள் போனால், பின்னால் 15-ம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு அப்படியே இருக்கும். பழையதை முழுக்க இடிக்கக் காசில்லை, தெருவுக்குப் பழமையாகத் தெரியவும் மனமில்லை, முன்சுவரை மட்டும் மாற்றிவிடுவார்கள். லூயிஸ் என்ற ஊரில் இன்னும் ஒரு படி மேலே போய், செங்கல் போலவே தெரிகிற ஓடுகளை மரச்சட்டச் சுவரில் ஆணியடித்து ஒட்டியிருக்கிறார்கள். பிரபுவின் நாட்டு மாளிகை தனியாக நிற்கும், நான்கு பக்கமும் தெரியும். நகர வீட்டுக்குத் தெருவைப் பார்க்கிற ஒரு பக்கம்தான் முகம். மிச்சமெல்லாம் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும். அதனால்தான் இங்கிலாந்து நகர வீடுகளில் முகப்பின் வயதை வைத்து வீட்டின் வயதைச் சொல்லவே முடியாது. 10-ம் எண் வீட்டில் இந்த வழக்கம் அதன் எல்லைவரை போயிருக்கிறது.

வாசல் கூடத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. கறுப்புத் தோல், தலைக்கு மேல் கூடாரம் போல வளைந்த முதுகு. ஒரு காலத்தில் வெளியே தெருவில் காவலர் உட்கார்ந்த நாற்காலி அது, காற்று அடிக்காமல் இருக்கத்தான் அந்த மூடி. அடியில் ஓர் இழுப்பறை, அதில் சூடான கரி போட்டுக் குளிர் காய்வார்கள். வலது கைப்பிடித் தோலில் கைத்துப்பாக்கி உரசி உரசி ஏற்பட்ட கீறல்கள் இன்றைக்கும் தெரிகின்றன.

நீண்ட காலம் விருப்பத்தோடு அங்கே இருந்தவர் இளைய வில்லியம் பிட். 1783-லிருந்து இரண்டு தவணையாக ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தார். சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்து, இந்தியாவில் வாங்கிய பெரிய வைரத்தை விற்றுக் குடும்பத்தையே தூக்கிவிட்ட தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன் அவர். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வீட்டைப் பெரிய, வசதியில்லாத வீடு என்றுதான் சொன்னார். அவர் காலத்தில் 1796-ல் அமைச்சரவை அறை நீண்டது. கிழக்குச் சுவரை எடுத்துவிட்டு, பக்கத்து அறைக்குள் சில அடி தள்ளிக் கட்டினார்கள். சுவர் போன இடத்தில் கூரையைத் தாங்க இரண்டு ஜோடி கொரிந்தியத் தூண்கள் நிறுத்தினார்கள். அமைச்சரவைக் கூட்டப் படங்களில் ஒரு கோடியில் தெரியும் அந்த வெள்ளைத் தூண்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. அங்கே ஒரு சுவர் இருந்தது.

1825-ல் நிதியமைச்சர் ஃப்ரெடரிக் ராபின்சன் அங்கே இருந்தபோது ஜான் சோன் வந்தார். இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தால் புகழ் பெற்றவர். வெளிச்சத்தையும் கூரையையும் அவர் போலக் கையாண்டவர்கள் குறைவு. இந்த வீட்டில் அவருக்குக் கிடைத்தது விருந்து அறை. தாழ்வான கூரையின் கீழ் பெரிய விருந்து வைத்தால் மூச்சு முட்டும் என்று, மேல்மாடியில் இருந்த இடத்தையே எடுத்துக்கொண்டு, கூரையை இரண்டு தள உயரத்துக்கு வளைவாக ஏற்றிவிட்டார். சுவர் முழுக்க ஓக் மரப்பலகை. 1826 ஏப்ரல் 4-ல் நடந்த முதல் விருந்தில் அவரே முக்கிய விருந்தினர். இந்த வீட்டில் எனக்கு மிகப் பிடித்த அறை இதுதான். மற்றவர்கள் எல்லாம் இருந்ததைத் தாங்கிப்பிடித்தார்கள், சோன் மட்டும் இருக்கிற கட்டடத்துக்குள்ளேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்.

19-ம் நூற்றாண்டின் மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சுற்றியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன, எதிரே வெளியுறவு அமைச்சகத்தின் பெரிய கட்டடம் எழும்பியது. டிஸ்ரேலி பிரதமராக இருந்தபோது பொது அறைகளைப் புதுப்பிக்க அரசாங்கத்திடம் காசு வாங்கினார், சுடுதண்ணீர் வருகிற குளியல் தொட்டியும் வந்தது. 1894-ல் மின்விளக்கும் தொலைபேசியும். 1937-ல் நெவில் சேம்பர்லேன் காலத்தில் வீடு முழுக்க வெப்பக் குழாய் போட்டார்கள், வேலைக்காரர்கள் இருந்த பரண் அறைகளைப் பிரதமர் குடும்பம் தங்கும் ஃபிளாட்டாக்கினார்கள். ஒவ்வொரு வசதிக்கும் சுவரையும் தரையையும் வெட்டினார்கள், குழாயும் கம்பியும் பழைய மரத்தை ஒட்டி ஓடின. லண்டனின் நிலக்கரிப் புகை இந்தக் காலம் முழுக்க முகப்பில் படிந்துகொண்டே இருந்தது.

1940 அக்டோபர் 14 இரவு ஜெர்மன் குண்டு ஒன்று பக்கத்தில் விழுந்தது. சர்ச்சில் தோட்டத் தளத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குண்டு விழுவதற்குச் சற்று முன்தான் சமையல்காரர்களைப் பாதுகாப்பு அறைக்குப் போகச் சொல்லியிருந்தார். சமையலறை நொறுங்கியது, அதில் இருந்தவர்கள் தப்பினார்கள். வெளியே காவலில் இருந்த மூன்று பேர் இறந்தார்கள். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த வீடு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் ஆடியது.

1950-களில் நிலைமை பயங்கரமாகிவிட்டது. தாங்கும் சுவர்கள் விழுந்துவிடும் என்று பயந்து, மேல்தளத்தில் ஒரே நேரத்தில் சிலரைத்தான் அனுமதித்தார்கள். கென்ட்டின் படிக்கட்டு சில அங்குலம் இறங்கிவிட்டது. படிகள் சில நெளிந்தும், கைப்பிடி கோணிக்கொண்டும் இருந்தன. மரத்தை உள்ளிருந்து தின்கிற பூஞ்சை வீடு முழுக்கப் பரவியிருந்தது. அமைச்சரவை அறையின் தூண்களுக்குள் இருந்த மரம் மரத்தூளாகிக் கிடந்தது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் அவர்கள் ஒரு சாம்ராஜ்யத்தை நடத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் பிரதமருக்குப் புது வீடு கட்டலாம் என்ற யோசனையும் வந்தது. அப்போதைய பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் அமைத்த கிராஃபோர்ட் பிரபுவின் குழு, அதே வரிசையில் இருக்கிற 12-ம் எண் வீட்டைத் திரும்பக் கட்டுவது, 10-ஐயும் பக்கத்து வீடான 11-ஐயும் பலப்படுத்திக் காப்பாற்றுவது என்று 1958-ல் சொன்னது.

வேலை ரேமண்ட் எரித்திடம் போனது. நவீனக் கட்டடக் கலை கொடிகட்டிப் பறந்த காலத்தில், பழைய ஜார்ஜியப் பாணியிலேயே வேலை செய்த அபூர்வமான கட்டடக் கலைஞர் அவர். மேக்மில்லன் அட்மிரல்டி மாளிகைக்குக் குடிபோனார். தரையைத் தோண்டி இறங்கியபோதுதான் டவுனிங்கின் மிச்சம் பிடித்த கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த பெரிய மரக்கட்டைகள் மக்கிப்போயிருந்தன. வீடு இத்தனை காலம் எப்படி நின்றது என்பதே ஆச்சரியம். சுவர்களுக்கு அடியில் கான்கிரீட் அஸ்திவாரம் போட வேண்டியிருந்தது. உள்ளே முழுக்கக் குடைந்து, தரைகளையும் பல சுவர்களையும் தூண்களையும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்து வைத்தார்கள். கதவுச் சட்டம், கூரை விளிம்பு வேலைப்பாடு, கணப்படுப்பு போன்றவற்றில் தேறியதைக் கழற்றி வைத்து, திரும்பப் பொருத்தினார்கள். தேறாததை அச்சு எடுத்து நகல் செய்தார்கள். தோண்டிய மண்ணிலிருந்து ரோமானியர் காலத்துப் பொருள்களும் சாக்ஸன் காலத்துப் பொருள்களும் வெளிவந்து வேலையை நிறுத்தின. வேலைநிறுத்தங்களும் சேர்ந்துகொண்டன. இரண்டு ஆண்டு என்று சொன்ன வேலை மூன்று ஆண்டு இழுத்து 1963-ல் முடிந்தது. செலவு மதிப்பீட்டைப் போல இரு மடங்கு ஆனது.

முகப்பைக் கழுவியபோது இன்னொரு விஷயம் வெளிவந்தது. செங்கல் கறுப்பே இல்லை. லண்டன் வட்டாரத்துக் களிமண்ணில் சுட்ட மஞ்சள் செங்கல். கறுப்பு என்பது தலைமுறை தலைமுறையாகப் படிந்த கரிப்புகை. இப்போது என்ன செய்வது? உலகமே கறுப்பு வீடாகப் பார்த்துப் பழகிவிட்டது. சுத்தம் செய்த மஞ்சள் செங்கலுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். செங்கலுக்கு நடுவில் ஓடுகிற மெல்லிய சாந்துக் கோட்டுக்கு மட்டும் சாயம் பூசவில்லை. அதனால்தான் கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடு அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. சிலர் இதைப் போலித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புகையும் அந்த வீட்டின் வரலாறுதான். இந்த வீட்டில் பழைய பொருள் என்று கைகாட்டக்கூடியது குறைவு. பழையதாக இருப்பது அதன் அமைப்பு. வாசல் கூடம், நீண்ட தாழ்வாரம், அந்தரத்தில் நிற்கிற படிக்கட்டு, தோட்டத்தைப் பார்த்த பெரிய அறைகள் என்று கென்ட் போட்ட வரிசை அப்படியே இருக்கிறது. தூணுக்குள் இருப்பது எந்த நூற்றாண்டு மரம் என்பதைவிட அது முக்கியம். அதைக் கலைக்காமல் விட்டதில் எரித் செய்தது சரியான வேலை.

ஆனால் எரித்துக்கே திருப்தி இல்லை. பொதுப்பணி அமைச்சகம் ஒவ்வொரு கட்டத்திலும் சிக்கனம் சிக்கனம் என்று கையைக் கட்டிப்போட்டதாகவும், ஒழுங்காகச் செய்யாததால் போட்ட காசெல்லாம் வீண் என்றும் மனம் கசந்து சொன்னார். அவர் பயந்தது நடந்தது. ஈரம் புகாமல் காக்கும் வேலை சரியாக இல்லாததாலும், உடைந்த ஒரு தண்ணீர்க் குழாயாலும், சில ஆண்டுகளிலேயே முக்கிய அறைகளில் பூஞ்சை திரும்ப வந்துவிட்டது. 1960-களின் கடைசியில் மறுபடி பிரித்துப்போட்டு வேலை செய்தார்கள். இந்த வீட்டின் கதையில் எனக்குக் கோபம் வருகிற இடம் இது. 1680-களில் ஒரு தனியார் பில்டர் காசு பார்க்கச் செய்த தவற்றை, அதன் விளைவைக் கண்ணால் பார்த்த பிறகும், 1960-களில் ஓர் அரசாங்கம் திரும்பச் செய்தது.

1980-களில் மார்கரெட் தாட்சர் காலத்தில் எரித்தின் மாணவரும் கூட்டாளியுமான குவின்லன் டெரி வந்து, மாடியில் இருக்கிற வரவேற்பு அறைகளின் கூரையில் சுண்ண வேலைப்பாடும் முலாமும் சேர்த்தார். கென்ட்கூட அந்த அறைகளை அவ்வளவு ஆடம்பரமாக விட்டுவைத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். 1991 பிப்ரவரி 7-ல் ஜான் மேஜர் தலைமையில் அமைச்சரவை கூடியிருந்தபோது, ஐரிஷ் குடியரசுப் படை ஏவிய குண்டு பின் தோட்டத்தில் விழுந்து வெடித்தது. ஜன்னல்கள் சிதறின, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். கௌஸ் காலத்து மரக் கதவின் இடத்தில் குண்டு தாங்கும் உலோகக் கதவு வந்தது. அச்சாக அதே ஆறு பலகை, அதே கறுப்பு. எண்ணில் உள்ள பூஜ்யம் லேசாகச் சாய்ந்திருப்பதைக்கூட விடவில்லை. வெளியிலிருந்து அதைத் திறக்க முடியாது. உள்ளே எப்போதும் ஒருவர் இருப்பார்.

இப்போது 10, 11, 12 மூன்றும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்த கட்டடங்கள். 10-ம் எண் பிரிட்டனின் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் உரிய அனுமதி இல்லாமல் அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் எதையும் செய்ய முடியாது. சேம்பர்லேன் காலத்துப் பரண் ஃபிளாட் சிறியது. 1997-ல் மூன்று பிள்ளைகளோடு வந்த டோனி பிளேர் அதை நிதியமைச்சர் கார்டன் பிரவுனுக்கு விட்டுக்கொடுத்து, 11-ம் எண்ணுக்கு மேலே இருக்கும் பெரிய ஃபிளாட்டை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு வந்த பிரதமர்களில் பலரும் வேலையை 10-ல் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற கதவு வழியாகப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்த்தான் தூங்குகிறார்கள்.